பாலுக்கு உடையவரே ஆலைக்கும் உடையவர்

(கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மாறுகின்ற காலத்தில் ஸ்தாபனங்களின் தலைமை எப்படி அமைய வேண்டும் என்பது எனக்கு இன்று அளிக்கப்பட்டிருக்கும் பொருள். காலம் மாறும்போது ஒரு ஸ்தாபனத்தைக் காப்பாற்றுவது எது என்று கேட்டால், ஆற்றல் மிக்க தலைவர் என்பார் சிலர். புதிய யந்திரம் என்பார் சிலர். தாராளமான மூலதனம் என்பார் வேறு சிலர். யாவும் வேண்டியவைதாம். ஆயினும் இம்மூன்றும் இருந்தும் நலிந்துபோன ஸ்தாபனங்களை நாம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை இல்லாமலே தொடங்கி, உலகம் வியக்க வளர்ந்த ஸ்தாபனம் ஒன்றும் நம் தேசத்திலேயே இருக்கிறது. மாறுதலினால் வரும் நஷ்டத்தைச் சுமப்பவர் எவரோ, அவர் கையிலேயே முடிவு செய்யும் அதிகாரமும் இருக்குமானால், அங்கே புதுமைக்கு வழி பிறக்கும். அந்த அதிகாரம் அவர் கையைவிட்டு நழுவாமல் காப்பதே தலைவரின் முதற்கடமை. இதுவே என் திடமான நம்பிக்கை. இதற்குச் சாட்சியாகக் குஜராத்தின் கைரா ஜில்லாவை உங்கள் முன் வைக்கிறேன்.

1945ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கைராவில் பாலைக் கொள்முதல் செய்யும் உரிமை, ஆனந்த் நகரிலிருந்த போல்சன் என்னும் தனியார் ஆலையிடம் சென்றது. நகரத்தில் பாலின் விலை உயர்ந்தது. கறந்தவர் கைக்கு வந்த காசு உயரவில்லை. நெல்லையாவது விலை வரும்வரை குதிரில் போட்டு வைக்கலாம். பாலோ காலையில் கறந்தால் மாலைக்குள் திரிந்துவிடும் சரக்கு. ஆகவே இடைத்தரகர் கேட்ட விலைக்குக் கொடுப்பதன்றி விவசாயிக்கு வேறு வழியில்லை.

மனம் நொந்த அம்மக்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டார்கள். பாலைச் சேகரிப்பதையும் பக்குவப்படுத்துவதையும் விற்பதையும் நீங்களே சங்கம் அமைத்துச் செய்யுங்கள் என்று யோசனை கூறிய அவர், மொரார்ஜி தேசாயை அங்கே அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்க்கா என்னும் கிராமத்தில் கூடிய கூட்டத்தில், ஊர்தோறும் சங்கம் அமைப்பதென்றும், அரசாங்கம் அச்சங்கங்களிடமிருந்தே பாலை வாங்க வேண்டுமென்றும், அதுவரை ஆலைக்குப் பால் தருவதில்லையென்றும் தீர்மானமாயிற்று. 15 நாள் கைராவிலிருந்து பம்பாய்க்கு ஒரு சொட்டுப் பால் போகவில்லை. அன்றாடம் பால் விற்ற காசில் உப்பும் எண்ணெயும் வாங்கும் குடும்பங்கள், கறந்த பாலைத் தெருவில் கொட்டினாலும் கொட்டுவோம், தரகருக்கு ஊற்றமாட்டோம் என்று நின்ற உறுதியை எண்ணிப் பாருங்கள்! அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் தேதி கைரா ஜில்லா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பதிவு பெற்றது. பின்னாளில் அமுல் என்ற பெயரால் நாடறிந்தது அதுவே. தொடக்கத்தில் அதற்கு இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்களும், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுந்தான்.

அந்த யூனியனின் தலைவராக அமர்ந்தவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போரில் சிறை சென்றவர். பால்பண்ணைத் தொழிலில் பட்டம் ஒன்றும் பெறாதவர். ஆனால் கிராமம் கிராமமாகச் சென்று, திண்ணைகளில் அமர்ந்து, ஜனங்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் குணம் அவரிடம் இருந்தது; அவர் நாணயத்தின்மேல் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அவருடைய கிராமச் சங்கங்களில் என்ன நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பொழுது புலரும் வேளையில் பாத்திரமும் கையுமாக ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் வந்தவர் முதலில் நிற்பார். என்ன ஜாதி, எத்தனை ஏக்கர் நிலம் என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. ஒவ்வொருவர் பாலையும் அளந்து, அதிலிருந்து சிறிதளவு எடுத்துக் கொழுப்புச் சத்தைப் பரிசோதித்து, தரத்திற்கேற்ற விலையைப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம். மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் பணம். ஜனநாயகத்தைப் பற்றி ஆயிரம் உபந்நியாசங்கள் சாதிக்க இயலாததை, அந்தச் சிறிய பரிசோதனைக் குழாயும் வரிசையும் அன்றாடம் சாதித்தன.

1949ஆம் ஆண்டு மே மாதத்தில், அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று படித்த கடமையைத் தீர்ப்பதற்காக, ஆனந்திலிருந்த அரசாங்கப் பால்பண்ணைக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, நம் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன்தாம் அவர். எப்போது ஊரைவிட்டுப் புறப்படலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த அவ்விளைஞரை, பழுதாகும் யந்திரங்களைச் சரிசெய்து தரும்படி திரிபுவன்தாஸ் அடிக்கடி வேண்டிக்கொண்டார். குரியன் அரசாங்க வேலையை விட்டபோது, எங்களோடு தங்கிவிடுங்கள் என்று கேட்டார். அவர் தங்கினார், ஆயுள் முழுவதும் ஆனந்திலேயே தங்கினார். தம்மிலும் அதிகம் கற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்குப் பொறுப்பை ஒப்படைத்து, அன்றாட நிர்வாகத்தில் குறுக்கிடாமல், வெளியிலிருந்து வரும் இடையூறுகளை மட்டும் தம் மார்பில் தாங்கிக்கொண்ட அந்தத் தலைவரின் பெருந்தன்மையை என்னவென்று போற்றுவது! குரியனும், தாம் விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டவர்.

இனி, புதுமை பிறந்த கதைக்கு வருகிறேன். எருமை குளிர்காலத்தில் அதிகமாகக் கறக்கும், கோடையில் வற்றும். பம்பாய்க்கு வேண்டிய பாலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகையால் குளிர்காலந்தோறும் மிஞ்சும் பாலை என் செய்வது என்ற பிரச்னை எழுந்தது. அது ஒரு தனி முதலாளியின் ஆலையாக இருந்திருந்தால் விடை மிகச் சுலபம்: விலையைக் குறைப்பார், அல்லது இன்று பால் வேண்டாம் என்று கதவைச் சாத்துவார்; நஷ்டம் கறந்தவர் தலையில் விடியும். யூனியனால் அப்படிச் செய்ய முடியவில்லை. பாலுக்கு உடையவரே ஆலைக்கும் உடையவராக இருக்கும்போது, அவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்பவர் யார்? ஆகவே மிஞ்சும் பாலைப் பவுடராக்கியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டாயிற்று.

ஆனால் எருமைப் பாலைப் பவுடராக்க இயலாது என்பதே அக்காலத்து மேல்நாட்டு நிபுணர்களின் அபிப்பிராயம். அவர்கள் நாடுகளில் பசும்பாலே பெருகியிருந்தது. எருமைப் பாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. குரியனுடன் அமெரிக்காவில் பயின்ற ஹரிசந்த் மேகா தலாயா என்ற பால் விஞ்ஞானி, முடியும் என்றார். வண்ணம் தெளிக்கும் கருவி ஒன்றையும் காற்றைச் சூடாக்கும் சாதனம் ஒன்றையும் வைத்துக்கொண்டு, எருமைப் பாலைச் சூடான காற்றில் தெளித்து, அது தூளாக உதிர்வதை அவர் நேரிலேயே செய்து காட்டினார். யுனிசெஃப் யந்திரங்கள் தந்து உதவ, 1955 அக்டோபர் 31ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்த ஆனந்த் ஆலையில் எருமைப் பால் பவுடர் உற்பத்தியாயிற்று. பின்னர், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைப்படி, அதே எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவும் செய்தார்கள்.

அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். தலாயாவின் மேதைமை பெரிதுதான். ஆனால் அந்த மேதைமையை வேலை வாங்கிய கேள்வி விஞ்ஞானக் கூடத்தில் எழுந்ததன்று. குளிர்காலத்தில் மிஞ்சிய பாலோடு சங்கத்தின் வாசலில் நின்ற குடியானவர் எழுப்பியது. கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. கேட்டதை மதிக்கத் தலைவர் ஒருவர் இருந்தார். விடை தேட அறிஞர்கள் இருந்தார்கள். இம்மூவரில் எவர் விலகியிருந்தாலும் அந்தப் பவுடர் உதிர்ந்திராது.

1963ஆம் ஆண்டின் மகசேசே விருது திரிபுவன்தாஸுக்கும் குரியனுக்கும், பம்பாய்ப் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடிக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கைராவுக்கு வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அஜர்புரா என்னும் கிராமத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் இரவு தங்கி, ஊராரோடு பேசி, இந்த வெற்றியின் காரணத்தைத் தாமே விசாரித்து அறிந்தார். 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே பிறந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. ஐரோப்பா நன்கொடையாகத் தந்த பால் பவுடரை நகரங்களில் விற்று, அப்பணத்தைக் கொண்டே கிராமச் சங்கங்களை வளர்த்தார்கள். 1950-51இல் சுமார் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்காவையும் விஞ்சி உலகின் முதலிடத்தை எய்தியது.

நம் தமிழகத்திற்கும் இந்த மரபு புதியதன்று. 1904ஆம் ஆண்டிலேயே திரூரிலும் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் நம் முன்னோர். பால் உற்பத்தியாளர் சங்கம் ஊர்தோறும் இன்று இருக்கிறது. ஆனால் காலம் மாறியிருக்கிறது. பெரிய தனியார் கம்பெனிகளின் வண்டிகள் தெருமுனைக்கே வந்து நிற்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. தீவன விலை ஏறுகிறது. பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி நகரத்தை நோக்குகிறார்கள். இவற்றையெல்லாம் எதிர்கொள்ளப் புதிய கருவிகள் வேண்டும். மின்தராசும் கணினியும் வரட்டும். ஆனால் கருவி காட்டும் எண்ணைப் பால் ஊற்றியவர் தம் கண்ணால் பார்க்கும்படி அதை வைத்திருக்கிறோமா? தரம் குறைந்ததென்று விலையைக் குறைக்கும்போது, காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்கிறோமா? பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது கேள்வி கேட்பவரை விரோதியாக எண்ணுகிறோமா, உடைமையாளராக மதிக்கிறோமா?

இன்னுமொன்று கேட்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர் பெண். புல்லறுத்துச் சுமப்பவர் பெண். பால் கறப்பவரும் பெரும்பாலும் பெண். அப்படியிருக்க, சங்கத்தின் புத்தகத்தில் உறுப்பினராக எத்தனை வீடுகளில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது? நஷ்டத்தைச் சுமப்பவருக்கே அதிகாரம் என்ற தத்துவம் உண்மையானால், கறக்கும் கையே கையெழுத்திடும் கையாகவும் இருக்க வேண்டாமா?

ஆகவே நிர்வாகிகளிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த பொதுக்குழுவைச் சடங்காகக் கூட்டாதீர்கள். ஒரே ஒரு மாடு வைத்திருக்கும் உறுப்பினரை முதலில் பேசச் சொல்லுங்கள்; அவர் சொல்லும் குறையைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்; அதற்கு விடை காணக்கூடிய படித்த இளைஞரை, அவர் எந்த ஊரில் இருந்தாலும், தேடி அழைத்து வாருங்கள்; அழைத்து வந்தபின் அவரை வேலை செய்யவிடுங்கள். கறப்பவர் பெயரை உறுப்பினர் புத்தகத்தில் ஏற்றுங்கள். இவற்றைச் செய்யும் சங்கத்தை எந்த மாறுதலும் வீழ்த்த முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.