பல கைகளும் ஒரு வேலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழகத்தின் எல்லையைக் கடந்து பெரியாற்றங்கரையில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடும் இவ்விழாவில் என்னையும் பேசுமாறு பணித்த செயற்குழுவினருக்கு என் நன்றி உரியதாகுக. இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்குத் தெரிந்தவை வண்டியும் பதிவேடுமே. அவற்றைத் துணையாகக் கொண்டு, இன்று எல்லார் வாயிலும் அடிபடுகின்ற ஒரு பொருளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். ஒரு பெரிய வேலையைப் பல செயற்கை அறிவு முகவர்களிடம் ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுத்து, குழப்பமின்றித் திரும்ப வாங்குவது எப்படி என்பதே அப்பொருள்.

இது நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் காலனிப் பிள்ளைகளில் பலர் காக்கநாட்டு இன்போபார்க்கிற்கு நாள்தோறும் போய் வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வேலையும், நாளை நம் மேசைக்கு வரப்போகும் வேலையும் இதைச் சார்ந்தே இருக்கும். ஆதலால் இதை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

முகவர் என்பது யாது? கேட்ட கேள்விக்கு விடை கூறி ஓய்வது ஒருவகைக் கணினி அறிவு. ஒரு பணியை ஏற்றுக்கொண்டு, அதற்கு வேண்டிய படிகளைத் தானே வகுத்து, கோப்புகளைத் திறந்து, படித்து, எழுதி, முடித்துத் தருவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையையே முகவர் என்கிறார்கள். ஆயினும் எந்த முகவருக்கும் நினைவின் மேசை ஓர் அளவுடையதே. மேசை நிரம்பினால் முன்பு வைத்த காகிதம் கீழே விழும். எனவே பெரிய வேலைகளைப் பல முகவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை வந்தது.

எல்லா வேலையும் பங்கிடத் தக்கதன்று. ஓணத்திற்கோ திருமணத்திற்கோ சத்யை சமைக்கும் கூடத்தைப் பாருங்கள். காய் நறுக்கப் பத்துப் பேர் உட்காரலாம். பத்து மடங்கு விரைவாக வேலை முடியும். ஆனால் பாயசத்தைக் கிண்ட ஓர் உருளிக்கு ஒருவர் போதும். பத்துப் பேர் கரண்டி பிடித்தால் பாயசம் விரைவில் வெந்துவிடாது. ஒருவர் போட்ட சர்க்கரையை அறியாமல் இன்னொருவரும் போடுவார். ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும் வேலையில் ஆள் சேர்ப்பதால் பயனில்லை.

பிரித்துக் கொடுக்கும்போது சொல்லில் தெளிவு வேண்டும். 2025ஆம் ஆண்டில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் ஆராய்ச்சி முகவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைமை முகவர் ஒன்று, அதன்கீழ்த் துணை முகவர்கள் பல என்பது அதன் அமைப்பு. தொடக்கத்தில், எளிய கேள்வி ஒன்றுக்கு 50 துணை முகவர்களை ஏவிவிட்டதும் உண்டாம். மின்சில்லுத் தட்டுப்பாட்டைப் பற்றி ஆராய்க என்று பொதுப்படச் சொன்னபோது, ஒரு முகவர் 2021ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் தட்டுப்பாட்டைத் தேடிப் போயிற்று; வேறு இரண்டு முகவர்கள் 2025ஆம் ஆண்டு நிலையைப் பற்றி ஒரே தேடலை இரட்டிப்பாகச் செய்தன. இத்தகைய அமைப்புகள் சாதாரண உரையாடலைவிட ஏறக்குறைய 15 மடங்கு சொற்கூறுகளைச் செலவிட்டன என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. ஆகவே எது உன் எல்லை, எது உன் எல்லையன்று, எந்த வடிவில் விடை தரவேண்டும் என்பனவற்றை ஒவ்வொரு முகவருக்கும் விளங்கச் சொல்ல வேண்டும் என்று கண்டார்கள்.

இரயில்வேயில் இது பழைய பாடம். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் முக்கியமான செய்தியைத் தொலைபேசியில் பரிமாறும்போது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வார். தம் தாளில் அச்சிட்டிருக்கும் பிரைவேட் நம்பர் ஒன்றைக் கொடுத்து உறுதி செய்வார். சரி என்று தலையாட்டினால் போதாது. எண் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இனி, ஒரே பொருளில் இருவர் கை வைப்பதால் வரும் கேட்டைக் கூறுகிறேன். 1902இல் ஷொறணூரிலிருந்து நம் ஆலுவா வழியாகக் கொச்சிக்கு இரயில் வந்தபோது அது ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமலிருக்க முன்னோர் கண்ட வழிகளுள் ஒன்று டோக்கன். இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் பிணைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டால், அது மீண்டும் பெட்டிக்குள் போகும்வரை மற்றொன்று எந்தப் பக்கத்திலும் வெளிவராது. அந்த இரும்புக் குண்டைப் பையிலிட்டு வளையத்தோடு ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாதவர் அந்தப் பாதையில் நுழையலாகாது.

1999 ஆகஸ்ட் 2 அன்று மேற்கு வங்காளத்துக் கைசால் நிலையத்தில் அவத் அஸ்ஸாம் எக்ஸ்பிரஸும் பிரம்மபுத்திரா மெயிலும் நேருக்கு நேர் மோதி 280க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வண்டியை ஓட்டத் தெரியாதவர்களால் நேர்ந்ததன்று அது. பாதைகள் சில பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்த வேளையில், சைகைப் பிழையால் இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் விடப்பட்டன. தனித்தனியே திறமை இருந்தும், இணைப்பு தவறினால் விளைவு எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்த டோக்கன் முறையையே 2026 பிப்ரவரியில் வெளியான ஒரு கட்டுரையில் வேறு உருவத்தில் காண்கிறோம். ஆந்த்ரோபிக் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் நிக்கலஸ் கார்லினி, 16 கிளாட் முகவர்களை ஒரே நேரத்தில் அமர்த்தி, மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்குரிய மொழியாக மாற்றித் தரும் 'கம்பைலர்' ஒன்றை எழுதச் செய்தார். ஏறத்தாழ 2,000 அமர்வுகள், 20,000 டாலர் செலவு. விளைந்தது ஒரு இலட்சம் வரி நிரல். ஒரு முகவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அதன் பெயரில் ஒரு சிறு கோப்பு எழுதி வைக்க வேண்டும். அக்கோப்பைக் காணும் மற்ற முகவர் வேறு வேலையைத் தேடிக்கொள்ளும். டோக்கனே அது!

இதனாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. லினக்ஸ் என்னும் பெரிய அமைப்பை அந்தக் கம்பைலரால் மாற்ற முற்பட்டபோது, 16 முகவர்களும் ஒரே பிழையில் போய் முட்டின. ஒன்று திருத்தியதை மற்றொன்று அழித்து எழுதிற்று. பதினாறு பேர் இருந்தும் ஒருவர் வேலையே நடந்தது. அப்போது அவர், நெடுங்காலமாக நம்பிக்கைக்குரிய ஜிசிசி என்னும் பழைய கம்பைலரிடம் பெரும்பாலான கோப்புகளைக் கொடுத்து, எஞ்சிய சிலவற்றை மட்டும் புதியதற்குக் கொடுத்தார். பிழை எந்தக் கோப்பில் என்பது வெளிப்பட்டது. முகவர்கள் வெவ்வேறு பிழைகளைத் தனித்தனியே திருத்தலாயின. பின்னர் லினக்ஸ் மாற்றமும் கைகூடிற்று. ஆயினும் இறுதிக் கட்டத்தில் புதியதைச் சேர்க்கும்போது பழையது அடிக்கடி பழுதுபட்டது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு அமர்விலும் முகவர் முன்நினைவின்றித் தொடங்குகிறது. ஆகவே செய்தது இன்னது, மிச்சம் இன்னது என்று குறிப்பெழுதி வைக்கச் செய்தார்கள். இரவுப் பணி முடித்துச் செல்பவர் காலையில் வருபவருக்குப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். அரைகுறையாக எழுதிய பதிவேடு அடுத்தவர் தலையில் விழும் கல்லாகும்.

பங்கிடும் முறையிலும் இருவகை உண்டு. கணினி வருமுன் ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை படுக்கை என்று கோட்டா ஒதுக்கி, பதிவேட்டில் எழுதி விற்றார்கள். மோதல் குறைவு, ஆனால் ஓரிடத்தில் இடம் காலியாகக் கிடக்க, மற்றோரிடத்தில் மக்கள் ஏமாந்து திரும்பினர். 1985இல் புதுடில்லியில் கணினி முன்பதிவு தொடங்கி, 1999இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் பிணைக்கப்பட்டன. ஆயிரம் கவுண்டர்கள் ஒரே ஏட்டைப் பார்க்கலாயின. அதனால் ஒரு படுக்கையை ஒரு கவுண்டர் தொட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் மற்றொன்று தொடாதபடி காவல் வைப்பது இன்றியமையாததாயிற்று.

பங்குகள் சேர்ந்த பின்பு அவற்றை ஒருமைப்படுத்த ஒரு கண் வேண்டும். 1954இல் முதல் தொகுதி வெளிவந்து, 1968இல் பத்தாம் தொகுதியோடு நிறைவெய்திய தமிழ்க் கலைக்களஞ்சியத்தை நினையுங்கள். பல துறை அறிஞர்கள் எழுதிய கட்டுரைகள் அவை. முதன்மை ஆசிரியராகப் பெ. தூரன் அவர்கள் அமர்ந்து அவற்றை ஒரு நூலாக்கும் பொறுப்பை ஏற்றார். முகவர்கள் ஆயிரம் பக்கம் எழுதித் தரலாம். ஆனால் எழுதியவரே சரிபார்த்தால் தன் பிழை தனக்குத் தெரிவதில்லை. நம் கவுண்டரில் ரொக்கத்தை எண்ணியவர் ஒருவர், தணிக்கை செய்பவர் வேறொருவர் என்று விதித்ததும் அதற்காகவே. சோதனை சரியாக இல்லாவிடில் முகவர்கள் தவறான கணக்கை மிகச் சரியாகத் தீர்த்துவிடும்.

அன்பர்களே! இந்த முகவர்கள் நம் பிள்ளைகளின் வேலையைப் பறித்துவிடுமோ என்று தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். சில வேலைகள் குறையும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும், வேலையை எங்கே வெட்டுவது, யாருக்கு எதைக் கொடுப்பது, விளைந்ததை எவ்வாறு சோதிப்பது, தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்னும் நான்கும் மனிதர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். முகவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப இயலாது, கையொப்பமிட்டவருக்கே அனுப்பலாம். ஆகவே இளைஞர்கள் கருவியைக் கற்பதோடு இந்த நான்கையும் கற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!