திரையில் பறக்கும் விமானம் யாருடைய உழைப்பு?

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருக்கலாம். மில் தொழிலாளியைப் பற்றிப் பேசலாம், ரயில்வேத் தொழிலாளியைப் பற்றிப் பேசலாம். கம்ப்யூட்டரில் பொம்மை விமானம் வரைகிறவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். நிறைய இருக்கிறது. வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அதற்குக் கணக்கு வைப்பது யார்? ஆலைத் தொழிலாளி நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வி, நாலு கம்ப்யூட்டர் உள்ள ஒரு சின்ன ஸ்டூடியோவிலும் எழுந்து நிற்கிறது.

முதலில், ஃபிளைட் ஸிமுலேட்டர் என்றால் என்ன? தரையை விட்டு எழும்பாமலே விமானம் ஓட்டிப் பழகும் சாதனம். 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் அப்படி ஒரு யந்திரம் செய்தார். அவருடைய குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியது. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்தியையே எடுத்து, ஒரு சிறு விமானக் கூண்டை ஆடவும் சாயவும் வைத்தார் அவர். 1934-ல் தபால் சுமக்கும் பணியில் இறக்கப்பட்ட அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் பலியானார்கள். அதன் பிறகுதான் ராணுவம் 6 யந்திரங்களை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கானோர் இதில் பழகினார்கள். மூடிய கூண்டுக்குள் இருந்தவை மானிகளும் முட்களுமே. வெளிக்காட்சி என்று எதுவும் கிடையாது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு படம் வந்தது. ப்ரூஸ் ஆர்ட்விக் எழுதிய ஸிமுலேட்டரை 1982-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி தன் பெயரில் வெளியிட்டது. அதில் வானமும் தரையும் சில கோடுகளும் நிறங்களும்தான். இன்றைய நிலை வேறு. 2020-லும் 2024-லும் வெளிவந்த பதிப்புகளில் விமானக் கதவின் ஓரத்தில் கைபட்டுத் தேய்ந்த பெயிண்டைக்கூட வாங்குகிறவர் எதிர்பார்க்கிறார். ஸிமுலேட்டருடன் சில விமானங்கள் வருகின்றன. மற்றவற்றைத் தனியே விலைக்குச் செய்து தருபவை பெரும்பாலும் சிறு ஸ்டூடியோக்கள். மூன்று பேர், ஐந்து பேர், பத்துப் பேர். ஒருவர் இங்கிலாந்தில் இருப்பார், ஒருவர் போலந்தில் இருப்பார். ஒரே கூரையின் கீழ் உட்காராமலே ஒரே விமானத்தைச் செய்வார்கள்.

ஒரு விமானத்தை உருவாக்குவது எப்படி? டக்ளஸ் டி.சி.-3 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1935 டிசம்பர் 17-ல் முதன்முதலாகப் பறந்த விமானம். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 95 அடி. அதை வரைய வேண்டுமானால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பொருட்காட்சிசாலையில் நிற்கும் விமானத்தைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுக்க வேண்டும். சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும். பழைய கையேடுகளைத் தேடிப் பிடித்து அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். இதில் வாரக்கணக்கு ஓடிவிடும். திரையில் இன்னும் ஒரு கோடுகூட விழுந்திருக்காது.

பிறகு உருவம். சிறு சிறு தட்டை முகங்களை ஒட்டி முழு உடலையும் கட்டுகிறார்கள். முகங்களை இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்ட முடியாது. திரையில் வினாடிக்கு 30 படம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் வானம், மேகம், நகரம், விமானம் எல்லாம் வரையப்பட்டாக வேண்டும். இறக்கைத் தகட்டில் உள்ள ஒவ்வொரு ரிவெட்டையும் உண்மையான உருவமாகச் செதுக்கினால் கம்ப்யூட்டர் திணறிப்போகும். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தகடு எந்தப் பக்கம் சாய்ந்திருப்பதாக எண்ணி ஒளியைத் திருப்ப வேண்டும் என்பதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் அளவுகளாக ஒரு தனிப் படத்தில் எழுதிவைக்கிறார்கள். தகடு தட்டையாகவே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு ரிவெட்டு புடைத்துத் தெரியும்.

அடுத்து, தைத்த சட்டையைப் பிரித்துத் துணியாக விரிப்பதுபோல் விமானத்தின் உடலைத் தட்டையாகப் பிரிக்க வேண்டும். தையல் எங்கே வந்தால் கண்ணில் படாது என்று யோசித்துப் பிரிக்க வேண்டும். அதன்மேல்தான் பெயிண்ட். நிறம் மட்டும் போதாது. எந்த இடம் உலோகம், எந்த இடம் ரப்பர், எது பளபளப்பு, எது சொரசொரப்பு என்பதற்கெல்லாம் தனித்தனிப் படங்கள். எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கரி, அடியில் எண்ணெய் வழிந்த தடம், ஏறும் இடத்தில் காலணி தேய்த்த வெண்மை. கையேட்டில் இவற்றுக்கு அளவு கிடையாது. பல விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்தான் அளவு.

விமானி அறைக்குள் போனால் வேலை இன்னும் நுணுக்கம். உயரமானியின் முள் சுழலும் மையம் மயிரிழை தப்பினாலும் முள் சுழலும்போது தள்ளாடும். ஒவ்வொரு ஸ்விட்சும் அசைய வேண்டும், ஒவ்வொரு விளக்கும் இரவில் சரியான மஞ்சளில் எரிய வேண்டும். புரொப்பெல்லர் நிற்கும்போது ஒரு உருவம், மெதுவாகச் சுற்றும்போது வேறொன்று, வேகம் பிடித்ததும் மங்கலான வட்டத்தகடு. போதாததற்கு, தூரத்திலிருந்து பார்க்கும்போது சுமை குறைய வேண்டும் என்பதற்காக அதே விமானத்தைக் குறைந்த முகங்களோடு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வேலையை யாரும் பாராட்டுவதில்லை. சரியாகச் செய்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 2006-ல் வந்த ஸிமுலேட்டரில் சாதாரணமாக ஏற்றப்பட்ட பெயிண்ட் படத்தின் உச்ச அளவு பக்கத்துக்கு 1024 புள்ளி. இன்று 4096 புள்ளி சர்வசாதாரணம். பக்கம் நாலு மடங்கு. பரப்பு பதினாறு மடங்கு. ஒரே ஒரு படத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். கருவிகளும் வளர்ந்திருக்கின்றன, ஆகவே வேலை பதினாறு மடங்கு ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் முன்பு கண்ணில் படாத குறை இப்போது படுகிறது. அந்தக் குறையைத் துடைக்கும் மணிகள் யாருடைய மணிகள்? யார் பணத்தில்?

இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். சிறு ஸ்டூடியோக்களில் கூலி பெரும்பாலும் மூன்று வகை. மாதச் சம்பளம் ஒன்று. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்ற மொத்தத் தொகை ஒன்று. விற்பனையில் பங்கு ஒன்று. மொத்தத் தொகை என்பது பழைய பீஸ் ரேட்தான். விமானி அறை முழுவதற்கும் ஒரு தொகை பேசுகிறார்கள். பாதி வேலையில், “அந்த மாடல் வேண்டாம், அடுத்த ஆண்டு மாடலின் மானிகளை வைக்கலாம்” என்று முடிவு மாறுகிறது. தொகை மாறுவதில்லை. பங்கு என்பது கேட்க இனிப்பாக இருக்கும். விமானம் விற்றால் பணம். விற்காவிட்டால் ஓராண்டு உழைப்பும் காற்றோடு போகும். நஷ்டத்தில் முழுப் பங்கு, முடிவெடுப்பதில் பங்கே இல்லை!

விற்ற பிறகும் வேலை முடிவதில்லை. ஸிமுலேட்டர் கம்பெனி ஒரு புதுப்பிப்பை வெளியிடுகிறது. நேற்றுவரை சரியாக இருந்த கண்ணாடி இன்று கறுத்துத் தெரிகிறது. வாங்கியவர்கள் ஸ்டூடியோவைக் கேட்கிறார்கள். பழுதை யார் உண்டாக்கினாலும் திருத்துகிறவர் ஓவியர். திருத்தத்துக்கு விலை கிடையாது. 2006-ன் ஸிமுலேட்டரிலிருந்து 2020-ன் ஸிமுலேட்டருக்கு வந்தபோது உருவத்தின் கோப்பு முறை, பெயிண்டின் முறை எல்லாமே மாறின. பழைய விமானங்கள் பலவற்றைப் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று.

ஸ்டூடியோ முதலாளி கொடியவரா? பல இடங்களில் அவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரவு இரண்டு மணிவரை ரிவெட்டு வரைகிறவர்தான். அவருக்கு மேலே ஸிமுலேட்டரின் சொந்தக்காரர் இருக்கிறார். கடையும் அவருடையது, விதியும் அவருடையது, விற்பனையில் வெட்டு எடுப்பவரும் அவரே. இந்த நெருக்கடி நிஜம். ஆனால் நெருக்கடி மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் எண்ணப்படாத மணிகளாக ஓவியரின் தலையில் வந்து உட்காருகிறது. “நாமெல்லாம் ஒரு குடும்பம், விமானத்தின்மேல் ஆசையால் செய்கிறோம்” என்று சொல்லப்படுகிறது. ஆசை உண்மைதான். அந்த ஆசையைக் காட்டி வீட்டு வாடகை கொடுக்க முடியுமா?

பெரிய ஸ்தாபனத்தில் பாதுகாப்பு உண்டு என்று நினைக்க வேண்டாம். மைக்ரோஸாஃப்டின் ஸிமுலேட்டரைப் பல ஆண்டுகள் உருவாக்கிய ஏஸஸ் ஸ்டூடியோ, 2009 ஜனவரியில் கம்பெனி செய்த ஆட்குறைப்பில் மூடப்பட்டது. அவர்கள் எழுதிய ஸிமுலேட்டரின் அடிப்படையில் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி உரிமம் பெற்று 2010-ல் வேறொரு பெயரில் ஸிமுலேட்டர் வெளியிட்டது. எழுதியவர்களுக்கு வேலை போயிற்று. எழுதியது தொடர்ந்து சம்பாதித்தது.

மணிகளை எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2004-ல் கலிபோர்னியாவில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனியின் ஓவியத் தொழிலாளர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். உருவம் செய்கிறவர்கள், பெயிண்ட் செய்கிறவர்கள், ஒளி அமைக்கிறவர்கள், அதாவது நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே வேலை செய்கிறவர்கள். ஓவர்டைம் விதிக்கு இவர்கள் உட்படாதவர்கள் என்று கணக்கு வைத்திருந்த கம்பெனி, 2005-ல் 1 கோடியே 56 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆரம்ப நிலை ஓவியர்களில் ஒரு பகுதியினர் மணிக்கணக்கில் ஓவர்டைம் பெறும் தொழிலாளராக மாற்றப்பட்டனர். 2017-ல் பிரான்சில் விளையாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. 2025 பிப்ரவரி 13-ல் அந்தத் துறை முழுவதற்கும் வேலைநிறுத்த அழைப்பு விடுக்கப்பட்டது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஓவியர்கள் பலரும் பயன்படுத்தும் பிளெண்டர் என்ற உருவக் கருவி ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்தது. அந்தக் கம்பெனி மூடப்பட்டபோது, 2002-ல், அதைப் பயன்படுத்தியவர்கள் ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி அதை விடுவித்தார்கள். இன்று யாரும் காசு கொடுக்காமல் அதை எடுத்து வேலை செய்யலாம். சிதறிக் கிடக்கிறவர்கள் ஒன்றுசேர முடியாது என்று சொல்லுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆகவே சிறு ஸ்டூடியோவில் வேலை செய்யும் வாலிபர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம் வந்தால் அதற்குத் தனிக் கூலி என்று அதில் எழுதச் சொல்லுங்கள். விற்ற பின் செய்யும் திருத்தமும் வேலைதான் என்று எழுதச் சொல்லுங்கள். செய்தவர் பெயர் விமானத்தோடு வெளிவர வேண்டும். அடுத்த வேலை தேடும்போது அதுதான் உங்கள் சான்று. பக்கத்துத் தேசத்தில் உட்கார்ந்து அதே விமானத்தின் வாலை வரைகிறவருக்கு என்ன தொகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எதற்காகத் திரும்ப உட்கார வேண்டி வந்தது என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். கூலி பேசப் போகும் நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.