தொண்டை வலியும் இருதயத் தசையும்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளையொன்று தொண்டை வலிக்கிறதென்று முனகினால், உப்பு வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவது வழக்கம்; பெரும்பாலும் அது தானே தணிந்தும் விடுகிறது. ஆயினும், அவ்வலி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் விளைந்ததாயின், அதை அழிக்கச் சரீரம் உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தியே, கிருமியின் புரதத்துக்கும் இருதயத் தசையின் மயோசினுக்கும் உள்ள சாயலால் மயங்கி, வீட்டுக்காரனையே கள்வனென்று அடிக்கும் காவலாளியைப் போல, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் இருதயத்தையும், கூடவே மூட்டுகளையும் தாக்கக்கூடும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல்.

இது 5 முதல் 15 வயதுக்குள் மிகுதி. இன்று முழங்கால் வீங்கும், சில நாளில் வீக்கம் கணுக்காலுக்குத் தாவும், மேடேறினால் மூச்சிரைக்கும். மூட்டுகள் ஆறிவிடும், இருதய வால்வுகளில் விழுந்த தழும்போ ஆயுள் முழுதும் நிற்கும்.

2001-2002இல் வேலூர்க் கிராமப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இத்தழும்பால் வரும் இருதய நோய் தென்பட்டது. மகிழ்ச்சிதான், எனினும், அந்த ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகள் தவறாமல் வேண்டும், மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் கூலித் தாய்க்கு அது எத்தனை நாள் கூலியிழப்பு! ஊசி மலையூர்ச் சுகாதார நிலையத்திலேயே கிடைப்பது அவசியம். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கினால், ருமாட்டிக் காய்ச்சலையே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.