கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இல்லை



நம் பிள்ளைகளின் சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறும் புவியியலும் முடிந்த பிறகு குடிமையியல் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் மக்களாட்சி, தேர்தல், கட்சிகள், உள்ளாட்சி; பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு. பாடத்திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. மக்களவைக்கு 543 தொகுதி, நம் சட்டமன்றத்துக்கு 234, மாநிலங்களவைக்கு 245 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, உன் அம்மா கையில் எத்தனை வாக்குச்சீட்டு கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பில் ஒன்று, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். அந்த நாலு பேரும் யார், யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று கேட்டால் பிள்ளை மட்டுமா விழிக்கிறது? பெரியவர்களும் சேர்ந்துதான் விழிக்கிறோம். டெல்லி தெரிகிறது, தெரு தெரியவில்லை. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அரசையும் தேர்தலையும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதன் பயன், கணக்குக் கேட்கத் தெரிந்த ஆளை உருவாக்குவது. அந்தப் பாடத்தை ஊரிலிருந்து தொடங்கினால்தான் அந்த ஆள் உருவாவான்.

இதற்குச் சான்று தேடி ஏதென்சுக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, ஒன்று 919ஆம் ஆண்டுக்கும் மற்றது 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. குடவோலை என்ற சொல் பாடப்புத்தகத்தில் வருகிறது; பிள்ளைகள் அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள்; தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நமக்கு ஜனநாயகம் இருந்தது என்று மார்தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கல்வெட்டு உண்மையில் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று நின்று பார்ப்பதில்லை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். கூட்டத்தின் நடுவில் மூத்தவர் ஒருவர் வெறுங்குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். கூடியிருப்பவர்களும் அதை வாங்கித் திரும்பப் படிக்க வேண்டும். விரலை மூடினால் இன்னொரு ஓலையை ஒளித்துவைக்க இடம் உண்டு என்று யோசித்த மூளை அது! இன்று வாக்குப்பதிவுக்கு முன்னால் முகவர்கள் கண்ணெதிரே மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத் தொடங்குகிறார்களே, அதுவும் வெறுங்குடத்தைக் காட்டுகிற வேலைதான்.

அதைவிட முக்கியம், யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியல். அதில் முன்னால் நிற்பவன் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன். அவன் மட்டுமல்ல; அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. அண்ணன் கணக்குக் காட்டாவிட்டால் தம்பி பெயரில் வந்து உட்கார்ந்துவிடலாம் என்ற வழி அன்றே அடைபட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. பதவி 360 நாள். இன்று நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? தேர்தல் செலவுக் கணக்கை உரிய முறையில் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்ய 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொத்தையும் வழக்குகளையும் வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகுதான் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், குடவோலை வெறும் பெருமையாக நிற்காது, அளவுகோலாகிவிடும்.

உடனே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். அது எந்த ஜனநாயகம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரின் சபை. பெண்ணுக்கு இடமில்லை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் இடமில்லை. போதாததற்கு, அங்கே நடந்தது வாக்களிப்பே இல்லை, குலுக்கல். அத்தனையும் உண்மை. அதனால் அந்தக் கல்வெட்டைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமா? எடுக்கக் கூடாது என்பதற்கே அது காரணம். முறை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பது தனிக் கேள்வி என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் சொல்லும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதே வாதம்தான் நடந்தது. கிராமம் அறியாமைக்கும் குறுகிய மனத்துக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடம் என்ற பொருளில் அம்பேத்கர் கடுமையாகப் பேசினார். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிக்காட்டி ஊராட்சிகளுக்காக வாதாடினார். அரசியலமைப்பில் ஊராட்சிகளைப் பற்றிய 40ஆவது பிரிவு அந்த மோதலில் பிறந்ததுதான். அம்பேத்கரின் அச்சம் வீண் அல்ல என்பதைத் தமிழ்நாடே காட்டியது. மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்தான முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாத குடிமையியல் பாதிப் பாடம்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிகளின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோதும், மாவட்டங்களைப் பிரித்ததால் காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் விடுபட்டன. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நமக்கு வாக்குச்சீட்டு வந்தது. ஆக, ஐந்து ஆண்டு முழுக்க நம் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஐந்து ஆண்டும் நம் பள்ளிகளில் உள்ளாட்சிப் பாடம் நடந்தது, கேள்விக்கு விடை எழுதினார்கள், தேர்ச்சி பெற்றார்கள். உள்ளாட்சி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று எழுதிய விடைக்கு முழு மதிப்பெண். வெளியே எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை, அப்படியானால் நம் ஊரில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தால், அந்த ஒரு கேள்வியில் 73ஆவது திருத்தம், மாநிலத் தேர்தல் ஆணையம், தொகுதி மறுவரையறை, இடஒதுக்கீடு, நீதிமன்றம் ஐந்தையும் அந்த வகுப்பு கற்றிருக்கும்.

இதோ, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படுகிற நம் தாமல் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் வைரமேகத் தடாகத்துக்கு ஏரி வாரியம் இருந்தது, ஆறு பேர். இன்று இந்த ஏரி யாருடையது? பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது நடைமுறை. அதற்கு மேல், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று ஒன்று உண்டு. அதற்கும் தேர்தல் உண்டு. அதில் யாருக்கு ஓட்டு? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. கால் வேலிக் கணக்கு முற்றிலும் போய்விடவில்லை, பார்த்தீர்களா? இந்த ஒரு ஏரிக்கரையில் பிள்ளைகளை அரை மணி நேரம் நிறுத்தினால், அரசு என்பது யார், எந்த மட்டத்தில், எந்தப் பணத்தில் என்ற கேள்வி தானாக எழும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களையும் சொல்லலாம். தறியில் உட்காரும் அப்பா அந்தச் சங்கத்தின் உறுப்பினர், இயக்குநரைத் தேர்ந்தெடுக்கிற வாக்காளர். சரிகையின் விலையும் கூலியும் யார் கையெழுத்தில் முடிவாகின்றன என்று அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் அரசியல் நுழைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் தன் கட்சியைப் புகட்டிவிடுவார், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் வார்டு உறுப்பினர் தேர்தலிலும் கட்சிச் சின்னமே கிடையாது. ஊரிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்சியை வாசலில் நிறுத்திவிட்டுத் தேர்தலைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. மேல்மட்டத்தைச் சொல்லவும் வழி இருக்கிறது. 1957இல் அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது காஞ்சிபுரம். 1962இல் அதே அண்ணாவைத் தோற்கடித்ததும் காஞ்சிபுரம். 1967இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அவர் முதலமைச்சராகி, பின் சட்ட மேலவை உறுப்பினரானார். சட்டமன்றத் தேர்தலில் நிற்காதவர் எப்படி முதலமைச்சராகலாம் என்று கேட்டு, அவை உறுப்பினராவதற்கு அரசியலமைப்பின் 164ஆவது பிரிவு தரும் ஆறு மாதக் கெடுவைச் சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரர் அதில் கோபப்பட முடியும்?

பாடச்சுமை அதிகம், பொதுத்தேர்வு இருக்கிறது, நேரம் எங்கே என்பார்கள். இந்த வாதத்துக்கு நான் அதிக மரியாதை கொடுக்கத் தயாரில்லை. பத்தாம் வகுப்போடு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடிமையியல் முடிந்துபோகிறது. பதினொன்றில் அறிவியல் பிரிவுக்குப் போனால் அந்தப் புத்தகத்தை மறுபடி தொடுவதில்லை. 1989 முதல் 18 வயதில் ஓட்டு. பதினைந்தில் படித்தது பதினெட்டில் நினைவிருக்க வேண்டுமென்றால் மனப்பாடம் நிற்காது, கண்ணால் கண்டதுதான் நிற்கும்.

கொஞ்சம் கனமான மறுப்பு வேறு. தமிழ்நாட்டில் ஏற்கெனவே நிறையப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள், 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 73 சதவீதம், பிறகு எதற்குப் பாடம் என்பது. போடுகிறோம், சந்தேகமில்லை. நம் சாலையிலேயே மேற்கே போனால் வேலூர். 2019இல் பணப்பட்டுவாடா புகாரில் அந்த மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர் எல்லாம் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் ஏறியவை. வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். போட்டுவிட்டு வந்த மறுநாள் என்ன கேட்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை. அந்த மறுநாளுக்குப் பெயர் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். ஊரின் மக்கள்தொகை 3000க்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்தாக வேண்டும். வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். உத்திரமேரூர்ச் சுவரில் வெட்டிய கணக்கு இன்று உயிரோடு இருக்கும் இடம் அதுதான். அங்கே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடத்துக்கு வேண்டிய ஆளும் இடமும் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி எது? இதே வகுப்பறை. தலைமை அலுவலராக உட்கார்ந்து முத்திரை வைத்து, பதிவான வாக்குக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்குக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் இதே ஆசிரியர்கள். மறுநாள் மேசைகளைத் திருப்பிப் போட்டு, முந்தைய நாள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த பாடத்தைத் தொடங்குகிறோம். எந்தக் கட்சிக்கு எத்தனை என்று அவர்கள் சொல்ல வேண்டாம். அந்தப் படிவத்தில் எத்தனை கட்டங்கள், ஏன் அத்தனை கையெழுத்து என்று சொல்லலாம் அல்லவா?

ஆகவே ஆசிரியர்களிடமும் ஊராட்சியில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிராம சபையில் ஓட்டில்லை, கையெழுத்தில்லை, உட்கார்ந்து கேட்கலாம். கூட்ட அறிவிப்பு வந்ததும் தலைமையாசிரியருக்கு ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள். வரவு செலவு படிக்கும்போது பிள்ளைகள் குறிப்பெடுக்கட்டும், மறுநாள் வகுப்பில் கூட்டிப் பார்க்கட்டும், கூட்டல் வராவிட்டால் வந்து கேட்கட்டும். அடுத்த கிராம சபைக்கு முன்வரிசையில் அவர்களுக்கு ஒரு ஜமக்காளம் விரித்து வையுங்கள்.