குதிரை நடந்த பாதைகள்



பணம் செலுத்தி விருந்தினராகச் சேர்ந்து, குதிரை மந்தைகளை நாட்கணக்கில் ஓட்டிச் செல்வோருடன் தாமும் சவாரி செய்வது மேல்நாடுகளில் இன்று விரும்பப்படும் ஒருவகைப் பயணமாகும். ஐஸ்லாந்துத் தீவில், கோடை முழுவதும் மேட்டுநிலங்களில் மேய்ந்து திரியும் ஆடுகளையும் குதிரைகளையும் செப்டெம்பர் மாதமளவில் திரட்டிக் கீழே கொண்டு வருவர். அவ்வேளையில் அயல்நாட்டார் பலர் அவர்களோடு சேர்ந்துகொள்கின்றனர். குதிரைப் பண்ணை வைத்திருப்போரே இத்தகைய பயணங்களைப் பல இடங்களில் நடத்துகின்றனர். மந்தையும் அவர்களுடையது, வீடும் அவர்களுடையது. ஆகவே, வந்தவரை வரவேற்கும் உரிமையும் அவர்களுடையதே.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் அத்தகைய மந்தையோட்டம் இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்த காலத்தில் குதிரைப் பந்தயம் நடைபெறும். கிரெகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைகள்மீது பிள்ளைகள் ஏறிச் சுற்றி வருவர். அவ்வளவே. ஆயினும், வழிகாட்டியுடன் நாட்கணக்கில் செல்லும் பயணம் அங்கும் தோன்றிவிட்டது. ‘பெக்கோ பாதை’ என்பது அதன் பெயர். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல ஆகிய ஊர்களின் வழியே சென்று நுவரெலியாவில் முடியும் இந்நடைபாதை, 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தே இஃது அமைக்கப்பட்டிருக்கிறது.

அப்பழைய பாதைகள் இன்பப் பயணத்துக்காக எழுந்தவையல்ல. மலையேறுவது அக்காலத்தில் எத்துணை அரிதாயிருந்தது என்பதற்கு சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் வரலாறே சான்று. அவர் 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் பண்ணை அமைக்க விரும்பி, இங்கிலாந்திலிருந்து பசுவையும் வேட்டை நாய்களையும் கொண்டு வந்தார். உயர்சாதிப் பசு வழியிலேயே மாண்டது. அவருடைய வண்டி, குதிரைகளோடு பள்ளத்தில் உருண்டது. இவற்றையெல்லாம் 1855இல் வெளியான தம் நூலில் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

பேக்கரின் துன்பத்தை அவரே எழுதிவைத்தார். தலைச்சுமையோடு அம்மலைகளில் ஏறியவர்களின் துன்பத்தை எழுதிவைத்தவர் மிகச் சிலரே. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் காடு வெட்டினர், கோப்பி நட்டனர், கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை நட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டத்தின் வழியேதான் பெக்கோ பாதையும் செல்கிறது. இரயில்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. துரைமார் குதிரையேறித் தோட்டம் பார்த்த பாதைகளில், தொழிலாளர் வெறுங்காலோடு நடந்தனர்.

இங்கே ஒரு சொல்லைச் சிந்தித்தல் வேண்டும். தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. ஆனால், தமிழறிந்த செவிக்குக் குதிரை கட்டும் ‘லாயம்’ அன்றோ நினைவுக்கு வருகிறது! பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த நிலையைப் பார்த்தால், இரு சொற்களுக்கும் அதிகத் தொலைவு இல்லை என்றே தோன்றும். அந்த லயங்களுள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றின் வாசலை ஒட்டியே பயணிகளின் பாதையும் போகிறது.

ஐஸ்லாந்துக்கும் மலைநாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே விருந்தினரை வரவேற்பவர் நிலத்துக்கு உரியவர். இங்கே, பாதையை வெட்டியவரின் வழித்தோன்றல்களுட் பலருக்குத் தாம் படுத்துறங்கும் அறையும் சொந்தமன்று. காலையில் கூடையோடு மலையேறும் பெண்ணுக்கு அது வேலை. அவள் பின்னால் ஏறும் பயணிக்கு அது காட்சி. அவளைக் கேளாமலே அவளைப் படம் பிடித்துச் செல்வது விருந்தினர்க்கு அழகாகுமா?

எனினும், இப்பாதையால் நன்மை விளையாது என்று கொள்ளுதல் தவறு. தோட்டத்துப் பிள்ளைகளே வழிகாட்டிகளாகலாம். லயத்து அடுப்பில் சுட்ட ரொட்டிக்கும் தேநீருக்கும் உரிய விலை கிடைக்கலாம். மலையின் கதையை அம்மலையின் மக்களே சொல்லலாம். பயணி கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அவர்களிடம் தங்குகிறது என்பதே இம்முயற்சியை அளக்கும் கோல்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. முன்னோர் சென்ற வழியே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. அதில் நடந்தவர் எவரும் காட்சி காணச் சென்றவரல்லர். உரிமை கேட்டுச் சென்றவர். வீடு, காணி, நியாயமான ஊதியம், சம மதிப்பு என்பன அவர்கள் கேட்டவை.

பெக்கோ பாதையில் நடப்போர் அந்த நடையையும் அறிந்து நடப்பாராக. அறிந்து வருவோரை மலைநாட்டு மக்கள் தம் வீட்டு விருந்தினராகவே வரவேற்பர். அவ்வாறு வரவேற்பதற்கு அவ்வீடு அவர்களுக்கே உரியதாகும் நாளும் விரைவில் வருதல் வேண்டும்.