அடுப்பேற்றாத இனிப்புகள்



இனிப்பு என்றதும் பாகு காய்ச்சுவதும் நெய் விட்டுக் கிளறுவதுமே பலருடைய நினைவில் எழும். பதம் தவறி மைசூர்ப்பாகு கருங்கல்லாய் இறுகிய கதை ஒன்று இல்லாத வீடு அரிது. ஆயினும் தீயின் முகத்தையே காணாமல், கையாலும் உரலாலும் மட்டும் முடித்துவிடக்கூடிய இனிப்புகளும் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பஞ்சாமிர்தம், மாவிளக்கு மா, தேனில் பிசைந்த தினைமா, வெல்ல அவல், எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. அடுப்பு மூட்ட இடந்தராத விடுதி அறையிலும் இவற்றுள் சிலவற்றைச் செய்துகொள்ளலாம்.

"சொன்ன பொருள் கிடைக்காவிட்டால் வேறொன்றைப் போடலாமா?" என்று மாணவியர் என்னைக் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். ஆனால் போடுவதற்கு முன், இந்தப் பண்டத்தில் நீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுப்பில் ஏறும் பண்டத்தில் நீர் மிகுந்தால் தீ அதை வற்றச் செய்துவிடும். அடுப்பேறாத பண்டத்தில் அந்த உதவி இல்லை. நீர் மிகுந்தால் மிகுந்ததுதான்.

பழநிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்வோம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்கின்றன. ஒரு சொட்டு நீரும் விடுவதில்லை. ஆயினும் அது பல நாள் கெடாமல் இருக்கிறது. பழத்திலுள்ள நீரைச் சர்க்கரையும் தேனும் தம்பால் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிட்டுவதில்லை. ஈரக் கரண்டியை உள்ளே விட்டுப் பாருங்கள், சில நாளிலேயே புளித்து நுரைக்கத் தொடங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது.

மலையில் விளையும் விருப்பாட்சிப் பழம் இதற்கு உகந்தது என்று சொல்வது வெறும் ஊர்ப் பெருமைக்காக அன்று. மற்றப் பழங்களைவிட அதில் நீர்ப்பசை குறைவு. அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் அந்த மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்துவிட்டது. ஆதலின், வீட்டில் செய்பவர்களுக்கு அப்பழம் எப்போதும் கிட்டுவதில்லை. கற்பூரவல்லியைக் கொண்டு செய்யலாம். பூவனும் ஆகும், ஆனால் அதன் இலேசான புளிப்பை ஈடுசெய்யப் பேரீச்சம்பழத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். எந்தப் பழமாயினும் நன்கு கனிந்திருக்க வேண்டும், அழுகியிருத்தல் கூடாது. 5 பழங்களுக்கு 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, விதை நீக்கி நறுக்கிய 10 பேரீச்சம்பழம், 2 தேக்கரண்டி தேன், 1 தேக்கரண்டி நெய், 25 கிராம் கற்கண்டு, 3 ஏலக்காய் என்று தொடங்குங்கள். பழத்தைக் கையால் பிசைவதே நல்லது. கையை உலரத் துடைத்துக்கொள்ள மறவாதீர்கள். கற்கண்டைக் கடைசியில் சேர்த்தால் பல்லுக்கு அகப்படும். முன்பே சேர்த்தால் கரைந்து மறைந்துவிடும். தேன் கலந்த எந்தப் பண்டத்தையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. வீட்டில் தம்பி தங்கையர் உள்ளவர்கள் இதைக் கருத்தில் இருத்துக.

மாவிளக்கில் நீரின் வேலை வேறு விதம். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, நிழலில் சற்றே உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலிக்கிறார்கள். அந்த ஈரமே வெல்லத்தைக் கசியச் செய்து மாவைத் திரட்டுகிறது. கடையில் வாங்கிய உலர்ந்த அரிசிமாவில் அதே அளவு வெல்லத்தைப் போட்டால், மணலைப் பிசைந்தாற்போல் உதிர்ந்தே நிற்கும். குற்றம் வெல்லத்தில் இல்லை. நீர் இல்லாமற் போனதுதான். ஈர மா ஆதலின், செய்த அன்றே உண்டுவிட வேண்டும். பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும். கழுவுதல் மட்டும் அதை அடியோடு நீக்காது. எனவே பிரசாத அளவோடு நிறுத்திக்கொள்வதே என் கருத்து. கோதுமை மாவையும் மைதாவையும் அவ்வாறு பச்சையாக உண்ண முற்படவே வேண்டாம்.

விடுதி மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அவல்தான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்து ஆக்குவது அவல்; தீயின் பணி நமக்கு முன்பே முடிந்துவிட்டது. கெட்டி அவலானால் கழுவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். மெல்லிய அவலுக்கு நீர் தெளித்தாலே போதும், ஊறவைத்தால் கூழாகிவிடும். 100 கிராம் அவலுக்குப் பொடித்த வெல்லம் 50 கிராம், துருவிய தேங்காய் ஒரு பிடி, ஏலப்பொடி சிறிது. தேங்காய் சேர்ந்தபின் சில மணி நேரத்திற்குள் தீர்த்துவிடுங்கள். தேங்காய் இல்லையேல் வாழைப்பழத் துண்டுகளைச் சேர்க்கலாம். ஆனால் வெல்லம் பட்ட பழம் நீர் விடும். ஆகவே அவலுக்குத் தெளிக்கும் நீரைக் குறைத்து, பழத்தை உண்ணும் வேளையில் கலக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். பழைய ஏடுகளில் பலம், ஆழாக்கு, படி என்றெல்லாம் வரும். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். 8 ஆழாக்கு ஒரு படி. பாட்டியின் குறிப்பில் ஒரு பலத்திற்கு அரைப்பலம் என்றிருந்தால் நீங்கள் கிராமிலேயே இரண்டுக்கு ஒன்று என்று கொள்ளலாம். விகிதம் கைக்கு வந்துவிட்டால் தராசைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எள்ளுருண்டையில் நீரே இல்லை. அங்கே பிணைப்பது எண்ணெய். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். சுத்தம் செய்து வெயிலில் காயவைத்த எள்ளை உரலில் இட்டு, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து இடித்தால், எண்ணெய் கசிந்து தானே உருண்டை பிடிக்க வரும். செக்கில் நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை இரண்டிலும் ஒன்றே. இடிப்பவர் முன்னதாகவே கையை நிறுத்திவிடுகிறார். நிறுத்தாமல் இடித்துக்கொண்டே போனால் கையில் எண்ணெய் வழியும், உருண்டை பிடிபடாது.

எள்ளுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை நன்றாக ஒத்துவரும்; அதிலும் எண்ணெய் மிகுதி. பொட்டுக்கடலையில் எண்ணெய் குறைவாதலின் எவ்வளவு இடித்தாலும் பொடியாகவே நிற்கும். அதைப் பொடித்த சர்க்கரையோடு கலந்து, உருகிய நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுப் பிடிக்க வேண்டும். நெய்யை உருக்க அடுப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். சித்திரை மாதத்தில் கிண்ணத்தை மூடி முற்றத்து வெயிலில் சற்று நேரம் வைத்தால் அதுவே உருகிவிடும்.