ஆசிய நாடுகளும் பொருளாதாரக் கூட்டுறவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. அவற்றுக்கு நடுவே சுங்கத் தீர்வையையும் அணைக்கட்டையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கின்றனர். எனினும், பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து இங்கே கூடியிருக்கும் நமக்கு, நாடுகள் தமக்குள் கொள்வதும் கொடுப்பதும் அயலான செய்தி அன்று. அண்டை நாடுகள் கதவைத் திறந்த காலத்தில் தமிழர் வாழ்ந்தனர்; கதவை அடைத்த காலத்தில் மூட்டை முடிச்சுடன் திரும்பினர். ஆகலின், கதவைத் திறந்து வைக்கும் பொருட்டு அரசுகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட நிறுவனங்கள் எவ்வாறு பணியாற்றுகின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், 1947 மார்ச்சுத் திங்களில் ஐக்கிய நாட்டு அவையின் பொருளாதார சமூக மன்றம் ஓர் ஆணையத்தைத் தோற்றுவித்தது. ஆசியாவுக்கும் தூரக் கிழக்குக்குமான பொருளாதார ஆணையம் என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எகாபே என்று வழங்கினர். ஷாங்காய் நகரில் தொடங்கி, 1949-ல் பாங்காக்குக்கு இடம் பெயர்ந்த அந்த ஆணையம், 1974-ல் பெயர் மாறி இன்று எஸ்காப் என வழங்குகிறது.

தொடக்கத்தில் உறுப்பினராயிருந்த நாடுகள் பத்து. அவற்றுள் ஆசிய நாடுகள் எத்தனை என்று எண்ணினால் வியப்பு மேலிடும். சீனம், இந்தியா, பிலிப்பைன்ஸ், சயாம் ஆகிய நான்கே! எஞ்சியவை பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், ஆஸ்திரேலியா. வீட்டுக்கு உரியவர் திண்ணையில் இருக்க, விருந்தினர் கூடத்தில் அமர்ந்து குடும்பக் கணக்குப் பார்த்த கதைதான் அது. 1948 ஜூன் திங்களில் நம் உதகமண்டலத்தில் அதன் மூன்றாம் கூட்டம் நடைபெற்றது. பண்டித நேரு அதனைத் தொடங்கி வைத்தார். இந்தோனேசியக் குடியரசைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற வினா அங்கே சூடாக வாதிக்கப்பெற்றது. டச்சுக்காரர் தடுத்தனர், முடிவு எட்டப்படாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. 1951-ல் லாகூரில் கூடியபோதுதான் ஒரு நல்ல வழக்கம் ஏற்பட்டது: வட்டார நாடுகளின் பொருளாதாரம் பற்றி அந்நாடுகளில் பெரும்பாலானவை உடன்பட்ட கருத்துக்கு எதிராக வெளி நாடுகள் வாக்களிப்பதில்லை என்பது அது. சட்டமாக அன்றி உடன்பாடாகவே வந்த இவ்வழக்கத்தால் ஆணையம் மெய்யாகவே ஆசியருடையது ஆயிற்று.

இவ்விடத்தில் தமிழர் இருவரை நினைவுகூராமல் செல்வது முறையன்று. ஆணையத்தின் முதல் செயலாட்சித் தலைவர் டாக்டர் பி. எஸ். லோகநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயிற்றுவித்த பேராசிரியர். 1947 முதல் 1956 வரை அப்பொறுப்பில் இருந்து, பின்னர் தில்லியில் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவின் முதல் தலைமை இயக்குநரானார். அவரை அடுத்து வந்தவர் சி. வி. நரசிம்மன். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரியான அவர் 1959 வரை அப்பணி புரிந்து, பின்பு நியூயார்க்கில் ஊ தாண்ட் அவர்களின் அலுவலகத் தலைவராக விளங்கினார். 1966-ல் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாட்டு அவையில் பாடியதற்கும் அவருடைய முயற்சி துணை நின்றது. இசையை நாடி வந்தோருக்கு இச்செய்தியேனும் ஆறுதல் தரட்டும்.

ஆணையம் என்றதும் கட்டளையிடும் அதிகாரம் உடையது என எண்ணிவிடலாகாது. எந்த நாட்டையும் அது பணிக்க இயலாது. நிதியும் பெரிதாக இல்லை. கூட்டி வைத்துப் பேசச் செய்தல், புள்ளிவிவரம் திரட்டுதல், வல்லுநரை அனுப்புதல், பரிந்துரைத்தல் ஆகியனவே அதன் கருவிகள். இவ்வளவு எளிய கருவிகளைக் கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களுக்கு விடையாக மீகாங் ஆற்றைக் காட்டலாம்.

1957-ல் ஆணையத்தின் துணையோடு தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென் வியட்நாம் ஆகிய நான்கும் கீழ் மீகாங் குழுவை அமைத்தன. அரசியலில் ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் ஆற்று நீரைப் பற்றிப் பேச ஒரே மேசையில் அமர்ந்தனர். அவர்கள் முயற்சியில் லாவோஸ் நாட்டில் நாம் நுகும் என்னும் கிளையாற்றில் ஓர் அணை எழுந்தது. பல நாடுகள் நன்கொடை அளித்தன. கட்டும் காலத்தில் தாய்லாந்து மின்சாரமும் சிமெண்டும் தந்தது. அணை முடிந்த பின் லாவோஸ் அதனை மின்சாரமாகவே திருப்பிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. 1971-ல் 30 மெகாவாட் திறனோடு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. லாவோஸ் அப்போது உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1975-ல் அங்கே ஆட்சி மாறிற்று. தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் பகை முற்றி எல்லை மூடப்பட்ட நாள்களும் வந்தன. ஆயினும் ஆற்றைக் கடந்து சென்ற மின் கம்பியில் மின்சாரம் நிற்கவில்லை. விற்பவனுக்குப் பணம் தேவை, வாங்குபவனுக்கு விளக்கு தேவை. தூதுவர் முகம் திருப்பிக்கொண்டாலும் கணக்கர் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தனர்.

மீகாங் திட்டம் முழுதும் வெற்றி என்று நாம் கூற வரவில்லை. பா மோங் என்னுமிடத்தில் பேராற்றின் குறுக்கே கட்டக் கருதிய மாபெரும் அணை கட்டப்படவேயில்லை. இலட்சக்கணக்கான மக்களை இடம் பெயர்க்க வேண்டியிருந்ததால், அது நின்று போனது நன்மையே என்பது நம் கருத்து. 1995-ல் பழைய குழு மீகாங் ஆற்று ஆணையமாக மாறிற்று. ஆனால் ஆற்றின் தலைப்பகுதியைத் தன்னிடம் வைத்திருக்கும் சீனம் இன்றும் அதில் உறுப்பினர் அன்று. அணைகள் பல கட்டிவிட்ட பிறகும் உரையாடுவதோடு சரி. மேட்டு மடைக்காரர் வராத பாசனப் பஞ்சாயத்து எப்படியிருக்கும் என்பதைத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

அடுத்து, பணம். 1966 டிசம்பரில் மணிலாவில் திறக்கப்பெற்ற ஆசிய வளர்ச்சி வங்கி இவ்வாணையத்தின் கருவில் உருவானதே. அது அனைவரும் அறிந்தது. பலரும் அறியாத மற்றொன்றைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம். 1974-ல் டெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய ஆசியத் தீர்வு ஒன்றியமே அது. அந்நியச் செலாவணிக்குத் தவித்த நாடுகள் கண்ட உபாயம். எடுத்துக்காட்டாக, இலங்கை இந்தியாவிடம் நூறு டாலருக்குத் துணி வாங்குகிறது எனக் கொள்வோம். இந்தியா ஈரானிடம் நூறு டாலருக்கு எண்ணெய் வாங்குகிறது. ஈரான் வங்கதேசத்திடம் எண்பது டாலருக்குச் சணல் வாங்குகிறது. தனித்தனியே கொடுப்பதானால் 280 டாலர் வேண்டும். மூன்று கணக்கையும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால், இந்தியாவின் வரவும் செலவும் ஈடாகிவிடுகின்றன. இலங்கை நூறு டாலர் செலுத்தினால் போதும், அதில் எண்பது வங்கதேசத்துக்கும் இருபது ஈரானுக்கும் போய்ச் சேர்ந்து கணக்கு முடிகிறது. இரண்டு திங்களுக்கு ஒரு முறை மத்திய வங்கிகள் இவ்வாறு நேர் செய்துகொள்கின்றன. நம் செட்டிநாட்டுப் பெட்டியடியில் ஐந்தொகை எழுதியவர்கள் இதைக் கேட்டு நகைப்பார்கள்: இதற்கு ஓர் ஒன்றியம் வேண்டுமா என்று! வேண்டும், ஏனெனில் இங்கே கணக்கு எழுதுவோர் ஒரே குடும்பத்தார் அல்லர். அரசியல் குறுக்கிட்டால் இவ்வழியும் அடைபடும் என்பதற்கும் சான்று உண்டு. 2010 டிசம்பரில் ஈரானிய எண்ணெய்க்கான பணத்தை இவ்வொன்றியத்தின் வழியே செலுத்தலாகாது என நம் ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது.

1975-ல் பாங்காக் உடன்பாடு என்னும் தீர்வைச் சலுகை ஒப்பந்தமும் தோன்றியது. இந்தியாவும் சீனாவும் இன்று அதில் உள்ளன. தேங்காய் விளைவிக்கும் நாடுகளுக்கு 1969-லும், மிளகு விளைவிக்கும் நாடுகளுக்கு 1972-லும் தனித்தனிச் சமூகங்கள் அமைந்தன. உலகில் தேங்காய்க்குக்கூட அரசுகளின் கூட்டமைப்பு ஒன்று உண்டு என்பதை இல்லத்தரசியர் அறிந்து மகிழ்வாராக.

இனி, நம் வாழ்வைத் தொடும் பகுதிக்கு வருகிறோம். 1959-ல் ஆணையம் ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அந்தந்த நாட்டில் உள்ள சாலைகளையே இணைத்து, ஒரே தரமும் ஒரே எண்ணும் இட்டு, எல்லைகளில் பொருந்தச் செய்வதே அதன் நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 2004-ல் ஷாங்காயில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் எண் சாலை டோக்கியோவில் தொடங்கித் துருக்கி வரை செல்கிறது. பர்மாவைக் கடந்து இந்தியாவுக்குள் அது நுழையும் ஊர் மணிப்பூரில் உள்ள மோரே.

மோரே என்றதும் இவ்வவையில் சிலருடைய முகம் மாறுவதைக் காண்கிறோம். 1962-க்குப் பின் பர்மாவில் இராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்க, தமிழர் பலர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். இங்கே வாழ்வு அமையாமல், அவர்களுள் சிலர் தரை வழியே மீண்டும் பர்மாவுக்குச் செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டனர். கோயில் எழுப்பினர், சங்கம் கண்டனர், எல்லை வாணிபத்தில் தலையெடுத்தனர். 1994-ல் இந்தியாவும் மியன்மாரும் எல்லை வாணிப உடன்பாடு செய்துகொண்டன. அது 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 22 பொருள்களே அனுமதிக்கப்பெற்றன. பண்டமாற்று முறை 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. மோரேயிலிருந்து மியன்மார் வழியே தாய்லாந்தின் மே சோட் வரை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை அமையும் என்றனர். அது இன்னும் முழுமை பெறவில்லை. 2021-ல் மியன்மாரில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பற்றிக்கொண்டது. 2023 மே திங்களில் மணிப்பூரில் கலவரம் மூண்டபோது மோரேயும் தப்பவில்லை, வாணிபம் குலைந்தது. ஒப்பந்தத்தில் சாலைக்கு எண் உண்டு, தரம் உண்டு. கடை திறந்து வைத்திருப்பவனுக்கு வேண்டிய அமைதியைத் தர ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

தென்னாசியாவைப் பற்றி மனம் வருந்தியே பேச வேண்டியிருக்கிறது. 1985-ல் டாக்காவில் சார்க் பிறந்தது. தடையிலா வாணிப உடன்பாடு 2006 முதல் நடைமுறையில் உண்டு. ஆயினும் தென்னாசிய நாடுகளின் மொத்த வாணிபத்தில் தமக்குள் நடப்பது நூற்றுக்கு ஐந்து அளவே. தென்கிழக்காசியக் கூட்டமைப்பில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அவர்களுக்குள்ளும் பூசல் இருந்தது. ஆனால் அவர்கள் பூசலை ஓர் அறையிலும் வாணிபத்தை மற்றோர் அறையிலும் வைத்துப் பேசக் கற்றனர். சார்க்கின் உச்சி மாநாடோ 2014-ல் காத்மாண்டுவில் கூடியதற்குப் பின் கூடவேயில்லை. அந்த வெற்றிடத்தில் வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்புக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. 1997-ல் தொடங்கிய அவ்வமைப்புக்குச் செயலகம் 2014-லும், சாசனம் 2022-லும்தான் வாய்த்தன. மெதுவாக நடக்கிறது, நின்றுவிடவில்லை என்பதே நமக்கு ஆறுதல்.

இளைஞர்கள் அவசரப்படுவது இயல்பு. இந்நிறுவனங்கள் வெறும் விருந்தும் தீர்மானமும் என அவர்கள் கூறுவதில் உண்மையின் ஒரு கூறு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓர் எல்லையில் லாரியை நிறுத்தி, சரக்கை இறக்கி, வேறு லாரியில் ஏற்றும்போது அழுகிப் போகும் காய்கறியை நினைத்துப் பார்க்கட்டும். வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015-ல் திம்புவில் வாகன உடன்பாடு செய்தது இதற்காகவே. பூட்டான் தன் சாலைகளும் காற்றும் கெடும் என அஞ்சிற்று. அதன் மேலவை 2016-ல் அதனை ஏற்க மறுத்தது. சிறிய நாட்டின் அச்சத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய நாட்டவராகிய நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை.

ஆசிய நெடுஞ்சாலைப் படத்தில் நாற்பத்து மூன்றாம் எண் சாலை ஆக்ராவில் தொடங்கி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு இறங்குகிறது. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். அங்கே தரை முடிகிறது. மறு கரையில் தலைமன்னாரில் அதே எண்ணோடு சாலை மீண்டும் எழுந்து அநுராதபுரம் வழியே கொழும்பை நோக்கிச் செல்கிறது. நடுவே உள்ள கடலுக்கும் படம் வரைந்தவர் அந்த எண்ணையே கொடுத்து வைத்திருக்கிறார்.